எல்லை தாண்டிய பெட்டி

மேலக்கொத்தனேரி மடைத்தெருவில் சுந்தரம்மாளுக்குப் ‘புயல்’ என்று பெயர் விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பதினாறு வருஷமாகச் சத்துணவுக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டவள். அதுவரை எல்லாருக்கும் ‘சத்துணவுக்கா’வாகத்தான் இருந்தாள். ஒரே நாளில் அந்தப் பெயர் போய்விட்டது. ஒருத்தருக்குப் பெயரை மாற்றி வைக்க ஊர்க்காரர்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

நடந்தது இதுதான். போன வருஷம் ஆவணியில் திருமங்கலத்தில் இரண்டு நாள் பேரிடர்ப் பயிற்சி போட்டார்கள். ஊருக்கு ஓர் ஆண், ஒரு பெண் வேண்டும் என்றார்கள். ஆணாகப் பேர் கொடுத்த சோலை அன்றைக்குப் பார்த்து டிராக்டரை எடுத்துக்கொண்டு உழவுக்குப் போய்விட்டான். பெண்ணாகப் பேர் கொடுக்க ஆளே இல்லை. கையெழுத்து வாங்க வந்தவர்களின் கண்ணில் பட்ட பாவத்துக்குச் சுந்தரம்மாள் பேரை எழுதிக்கொண்டு போனார்கள். மத்தியானம் பிரியாணி உண்டு என்றதால் அவளும் மறுக்கவில்லை. பிரியாணி சுமார்தான். ஆனால் பாடம் அவளைப் பிடித்துக்கொண்டது.

பாடம் எடுத்தவர் துளசிராம். தீயணைப்புத் துறையில் இருப்பவர், வில்லாபுரத்துக்காரர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற நெசவுக் குடும்பம். கயிற்றில் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தபோது அந்தத் தேங்காய்நார்க் கயிற்றைப் பட்டு இழையைப் போல அவ்வளவு பக்குவமாகத் தொட்டார். சுந்தரம்மாளுக்கு அது பிடித்திருந்தது.

“கண்மாய்க் கரைக்கு வெளிப்பக்கம் தண்ணி கசியறது சகஜம்மா. தெளிவா கசிஞ்சா தினம் போயிப் பாத்துக்கங்க. கலங்கலா கசிஞ்சா பாத்துக்கிட்டே நிக்காதீங்க. கரைய உள்ளுக்குள்ள தண்ணி அரிக்குதுன்னு அர்த்தம். அப்ப சாமான எண்ணாதீங்க, ஆள எண்ணுங்க” என்றார். சுந்தரம்மாள் அதை அரிசி, பருப்பு இருப்பு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று, விசில் ஒன்று, தலை நிறைய யோசனை. இவ்வளவோடு ஊர் திரும்பினாள். மடைத்தெரு என்பது கண்மாய் மடைக்கு நேர் கீழே, பள்ளத்தில் கிடக்கிற இருபத்திரண்டு வீடுகள். வீடு வீடாகப் போய், ‘அவசரப் பை’ ஒன்று கட்டி வைக்கச் சொன்னாள். ரேஷன் கார்டு, ஆதார், மருந்து மாத்திரை, டார்ச் லைட்டு, ஒரு படி அவல். ஒரு வாரம் கழித்துச் சோதித்துப் பார்த்தாள். சோலை வீட்டுப் பையில் டிராக்டருக்கு வேண்டிய ஸ்பேனர் மட்டும் நாலு இருந்தது. நாத்தனார் மாயக்காளின் பையில் வெற்றிலை, கருப்பட்டி, செத்துப்போன புருஷனின் போட்டோ, முகம் பார்க்கிற கண்ணாடி.

“கண்ணாடி எதுக்கு மதினி?”

“வெள்ளத்துல போனா என்ன, நாலு பேரு பாக்குற எடத்துக்குத்தானே போறோம்?”

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் அவள் போனில், ‘அணை உடையப் போகுது, கரையோரத்து ஊர் எல்லாம் காலி பண்ணுங்க’ என்று ஒருத்தன் அழுகிற குரலில் பேசிய வாட்ஸப் வந்தது. யாரிடமும் விசாரிக்காமல் விசிலை எடுத்து ஊதிவிட்டாள். இருபத்திரண்டு வீட்டு ஜனமும் ஆடும் மாடுமாக ஒரு கிலோமீட்டர் தள்ளி மேட்டில், ரோடு பிரிகிற விலக்கில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுத்தார்கள். ஒரு பொட்டு மழை இல்லை. காலையில் சுள்ளென்று வெயில் அடித்தது. திரும்பி வந்து பார்த்தால் மாயக்காளின் இரண்டு கோழிகளை நாய் பிடித்துத் தின்றிருந்தது.

அன்றைக்கு விழுந்த பெயர்தான் புயல். ‘வங்கக் கடல்ல ஒண்ணு உருவாயிருக்காம், அதுக்குச் சுந்தரம்மாள்னு பேரு வச்சிருக்காகளாம்’ என்று டீக்கடையில் செய்தி வாசித்தார்கள். அவள் புருஷன் சிவனாண்டியைப் பார்த்து, ‘என்ன மாப்ள, கரையக் கடந்துருச்சா?’ என்று கேட்டார்கள். சிவனாண்டி அதிகம் பேசாத மனிதன். டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே கடுங்காப்பி குடிக்க ஆரம்பித்தான்.

ஊர் சிரித்ததைச் சுந்தரம்மாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தப்புப் பண்ணினோம், சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் சிவனாண்டி ஒரு வார்த்தை திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. இருபத்தாறு வருஷம் ஒன்றாக வாழ்ந்த மனிதன் தன்னை நம்புகிறானா இல்லையா என்று தெரியாமல் ஒரு வருஷமாக அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருத்தம் யாருக்கும் தெரியாது.

இந்த வருஷமும் புரட்டாசி வந்தது. பேச்சியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டினார்கள். அம்மனுக்கு ஒரு காப்பு, சாமிப் பெட்டி சுமக்கிற சிவனாண்டியின் வலது மணிக்கட்டில் ஒரு காப்பு. பேச்சியம்மனுக்குச் சிலை கிடையாது. மூங்கிலில் முடைந்து தோல் போர்த்திய ஒரு பெட்டிதான் அவள். சிவனாண்டியின் அப்பன் சுமந்தது, அவனுடைய அப்பன் சுமந்தது. காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு ஊர்க்காரர்கள் யாரும் எல்லைக்கல்லைத் தாண்டி ராத்தங்கல் போடக் கூடாது. பகலில் எங்கு போனாலும் விளக்கு வைப்பதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். முன்பு ஒரு தடவை, விளாங்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிற சுந்தரம்மாளின் மகள் திவ்யாவைப் பார்க்கப் போன மாயக்காள் பஸ்ஸை விட்டுவிட்டாள். காப்பு நினைவு வந்து, தலைதெறிக்க ஒரு ஆட்டோவைப் பிடித்து, ஆட்டோக்காரனையும் விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

காப்புக் கட்டிய அன்றைக்கே மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. நாலு நாள் விடாமல் ஊற்றியது. மேற்கே மலையில் பெய்த தண்ணீரும் கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்து வந்து கொத்தனேரிக் கண்மாயில் இறங்கின. பதினோரு வருஷமாகக் கருவேல மரங்கள் முளைத்துக் கிடந்த கண்மாய், கண்ணெதிரே கடலாகிக்கொண்டிருந்தது. ஜனத்துக்கு ஒரே குதூகலம். உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கெளுத்தி மீன் எதிரேறி வருகிறது என்று பெரிய ஆட்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தால் கிடா வெட்டுவது என்று சோலை வேண்டிக்கொண்டான்.

நாலாம் நாள் மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. மத்தியானம் சுந்தரம்மாள் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு கரையின் வெளிப்பக்கம், அடிவாரத்தை ஒட்டி நடந்தாள். மடைக்கு வடக்கே ஓர் இடத்தில், போன கோடையில் பெரிய கருவேலத்தைத் தூரோடு பிடுங்கியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தைச் சரியாக மூடவில்லை. அங்கே கட்டைவிரல் தடிமனுக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குனிந்து உள்ளங்கையில் ஏந்தினாள். பால் ஊற்றின டீ மாதிரி கலங்கல்.

போன தடவை பண்ணிய தப்பை இந்தத் தடவை பண்ணவில்லை. முதலில் துளசிராமுக்குப் போன் போட்டாள்.

“தெளிவா இருக்காம்மா, கலங்கலா?”

“கலங்கல் சார். மண்ணு வண்டலா வருது.”

“எவ்வளவு தடிமன்?”

“காலையில மீன் பிடிக்க வந்த ஆளுக சுண்டுவெரலுன்னு சொன்னாக. இப்பக் கட்டவெரலு.”

“அம்மா, நான் மேல சொல்லிடறேன். நாங்க டவுனுக்குள்ள போட்ல ஆள் எடுத்துக்கிட்டு இருக்கோம். உங்ககிட்ட வர நாலஞ்சு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அங்க நீங்கதாம்மா அரசாங்கம். இருட்டறதுக்குள்ள எல்லாரையும் மேட்டுக்கு ஏத்திடுங்க.”

அரசாங்கம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருஷனைத் தேடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தது. சிவனாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த ஒழுகலைப் பார்த்தான். கையை உள்ளே விட்டான். முழங்கை வரைக்கும் போனது. வெளியே எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தான்.

“நண்டு வங்கு” என்றான்.

“நண்டுப் பொந்துல கை முழங்கை மட்டுக்கும் போகுமா?”

“பெரிய நண்டு.”

எழுந்து கோயிலைப் பார்த்து நடந்துவிட்டான். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் நேரம் போய்விடும் என்று விசிலை எடுத்து ஊதினாள்.

முதல் ஊதலுக்கு நாய்கள் வந்தன. இரண்டாவது ஊதலுக்கு மாயக்காள் வந்தாள். மூன்றாவதற்குள் தெரு முழுக்கக் கோயில் முன்னால் கூடிவிட்டது. வேறு எங்கேயும் போக வேலை இல்லாத மழை நாள்.

“வந்துருச்சாக்கும் புயலு! எங் கோழி ரெண்டத் தின்னது பத்தலையாத்தா ஒனக்கு?” என்றாள் மாயக்காள்.

“மதினி, கோழிக்கு எம்புட்டு வேணா திட்டுங்க, பெறகு. இப்பக் கரை அரிச்சுக்கிட்டு இருக்கு. வேரு பிடுங்குன எடத்துல கலங்கலா ஒழுகுது. தாங்காது.”

“பதினோரு வருசங் கழிச்சுக் கண்மாயி நெறையுது. ஊரே சந்தோசமாப் பொங்க வைக்கப் போகுது. ஒன் வாயில மட்டும் ஏன்த்தா நல்ல வார்த்த வர மாட்டேங்குது?”

“தண்ணி வரணும்னு எனக்கு மட்டும் ஆச இல்லையா? ஒங்க தம்பி நெல்லு நாத்துப் பாவிட்டு ஆகாசத்தப் பாத்துக்கிட்டுத்தானே கெடந்தாரு. மடை வழியா வரட்டும், வாய்க்கா வழியா வரட்டும், கும்புட்டுக்கிறேன். வீட்டுச் செவத்தப் பேத்துக்கிட்டு வர வேணாங்கிறேன்.”

சோலை முன்னால் வந்தான். அவன் பெண் முத்துமீனா, ஒன்றாம் வகுப்பு, அப்பன் தோளில் உட்கார்ந்து விசிலையே பார்த்துக்கொண்டிருந்தது. “அக்கா, டிராக்டரு நிக்கிது. டீசலும் கெடக்கு. ஒங்க பேச்சத் தட்டணும்னு இல்ல. ஆனா அங்கன போயி ராத்தங்கணுமேக்கா. போன வருசம் காப்புக்கு முன்னால போனோம். இப்பக் காப்புக் கட்டியிருக்குல்ல? எல்லைக்கல்லு பாலத்துக்கிட்ட நிக்கிது, பள்ளிக்கூடம் அதத் தாண்டிக் கெடக்கு. சாமி குத்தம் ஆயிருச்சுன்னா?”

திருமங்கலத்தில் இரண்டு நாளும் நடத்திய பாடத்தில் காப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லாரும் சிவனாண்டியைப் பார்த்தார்கள். அவன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டு நின்றான்.

“போறவுக போங்க. நான் யாரையும் தடுக்கல. நான் வர முடியாது.”

“நீங்க வராம நான் மட்டும் எப்பிடிப் போவேன்?” என்றாள் சுந்தரம்மாள்.

“பெட்டிய அநாதையா விட்டுட்டு நான் எப்பிடி வருவேன்?”

“நீ போகாம தெருவுல ஒருத்தரும் போக மாட்டாகடா தம்பி. அதுவும் பாத்துக்க” என்றாள் மாயக்காள்.

சுந்தரம்மாள் கோயில் வாசப்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வாசப்படியை ஒட்டி நிற்கிற செவ்வரளியில் இருந்து மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவள் தலையில் விழுந்தது. தொண்ணூற்றொரு பேர். நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதில் கைப்பிள்ளை நாலு. இத்தனை பேரும் ஒரு மனிதனின் மணிக்கட்டுக் கயிற்றில் கட்டுண்டு நிற்கிறார்கள். அவனோ பெட்டியில் கட்டுண்டு நிற்கிறான். திரும்பி உள்ளே பார்த்தாள். பெட்டி மூடி, கயிறு போட்டு இறுக்கி, மேடையில் உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

“ஏங்க, அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?”

“ஒனக்குத் தெரியாதா? சேல, சலங்க, மணி, திருநீத்துப் பையி, அருவா.”

“ஆத்தாளுக்கு வேண்டியது அம்புட்டும் அதுக்குள்ளயே இருக்கா?”

“இருக்கு. அதுக்கென்ன?”

“அப்ப அவ எப்பவும் கெளம்பத் தயாராத்தானே இருக்கா? நான் போன வருசந்தான் அவசரப் பையி கட்டச் சொன்னேன். அவ என்னைக்கோ கட்டி வச்சுட்டா. தூக்குறதுக்குத்தான் ஆளக் காணோம்.”

முதலில் வாயைத் திறந்தது மாயக்காள்தான்.

“புயலுன்னாலும் புத்தியுள்ள புயலு” என்றாள். “அவ சொல்றதுல ஞாயம் இருக்குடா தம்பி. பஞ்சத்துல நம்ம ஆளுக மேக்க இருந்து கெளம்பி வந்தப்ப, வேற என்னத்தக் கொண்டாந்தாக? இந்தப் பெட்டியத்தானே தலையில வச்சுக் கொண்டாந்தாக? அத எறக்கி வச்ச எடந்தானே கோயிலாச்சு? கோயிலச் சுத்தித்தானே எல்லை போட்டாக? பெட்டி எங்கிட்டுப் போகுதோ, எல்லையும் அங்கிட்டுத்தானே போகணும்?”

“அதெல்லாஞ் சரி. உத்தரவு கேக்காமப் பெட்டியத் தொடக் கூடாதுல்ல?” என்றான் சோலை.

சிவனாண்டி நிமிர்ந்தான். “பூக்கட்டிப் பாத்துருவோம்.”

வெள்ளைக்கு நந்தியாவட்டை ஒரு பொட்டலம், சிவப்புக்குச் செவ்வரளி ஒரு பொட்டலம். இலையில் வைத்து, எது எது என்று தெரியாதபடி நார் கொண்டு கட்டி, அம்மன் முன்னால் போட்டு ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. கல்யாணத்துக்குப் பார்த்திருக்கிறார்கள், கிணறு வெட்டப் பார்த்திருக்கிறார்கள். சிவப்பு வந்தபின் மீறிப் போனவர்கள் அந்த ஊரில் கிடையாது. தொண்ணூற்றொரு உயிர் இப்போது முத்துமீனாவின் சின்ன விரல்களுக்குள் போகப் போகிறது.

“வேணாங்க” என்று அவன் காதோரம் சொன்னாள். “செவப்பு வந்துட்டா என்ன பண்றது?”

“வந்தா வந்தது” என்று சொல்லிவிட்டு, மழையில் இறங்கி வீட்டுப் பக்கம் போனான். அவர்கள் வீட்டுக் கொல்லையில்தான் நந்தியாவட்டை நிற்கிறது. சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கதவு திறந்தபோது தட்டில் இரண்டு பூவரச இலைப் பொட்டலங்கள் இருந்தன. பெட்டி முன்னால் வைத்து, விழுந்து கும்பிட்டான். வழக்கத்துக்கு அதிகமாக நேரம் எடுத்துக்கொண்டான். சோலை மகளை இறக்கிவிட்டான். முத்துமீனா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. ஒன்றில் கை வைத்தது. எடுத்துவிட்டு மற்றதைத் தொட்டது. சுந்தரம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

குலவைச் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். சிவனாண்டியின் உள்ளங்கையில் நந்தியாவட்டை வெள்ளை வெளேர் என்று கிடந்தது. மாயக்காள் நாக்கைச் சுழற்றி விட்ட குலவையில் மழையே ஒரு நிமிஷம் அடங்கியதுபோல இருந்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கண்மாய்த் தண்ணீரில் போடுவது வழக்கம். அதற்கு இப்போது நேரம் இல்லை என்று சிவனாண்டி அதை வேட்டி முந்தியில் முடிந்துகொண்டான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சுந்தரம்மாளின் ராஜ்ஜியம். “சாமான எண்ணாதீக, ஆள எண்ணுங்க” என்று கத்திக்கொண்டே வீடு வீடாக ஓடினாள். அடுப்பை அணைத்தாயா, கரண்ட்டு மெயினை இறக்கினாயா, மாட்டை அவிழ்த்தாயா. சோலையின் டிராக்டர் மூன்று நடை அடித்தது. கைப்பிள்ளைக்காரிகள் முதல் நடை, நடக்க மாட்டாதவர்கள் இரண்டாம் நடை, மூன்றாவதில் ஆடுகளும் மாயக்காளும். இந்த முறை கோழிகளைக் கூடையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பெட்டி வண்டியில் போகக் கூடாது. சிவனாண்டி அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தான். சுந்தரம்மாள் விசிலும் நோட்டுமாக அவனுக்குப் பின்னால் நடந்தாள். ஒரு கிலோமீட்டர். எங்கும் இறக்கி வைக்கக் கூடாது. பாலத்தருகே எல்லைக்கல் வந்ததும் அவன் கால் ஒரு கணம் நின்றது. சோலை தேங்காய் உடைத்தான். சிவனாண்டி வலது காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தான்.

விளக்கு வைக்கிற நேரம். பள்ளிக்கூட வராந்தாவில் சுந்தரம்மாள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. நோட்டை மூடும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. நாலு லாரி ஜல்லியை ஒரே நேரத்தில் கொட்டியதுபோல இருந்தது. மாடியில் நின்ற சோலை, “ஆத்தாடி, கரை போச்சு!” என்று அலறினான். மேட்டில் இருந்து பார்க்க, மடைத்தெருவின் ஓட்டு வீடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து, ஜன்னல் உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. யாரும் அழவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் அவரவர் வீடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

துளசிராம் வண்டியோடு வந்து சேர்ந்தபோது மணி எட்டு. இறங்கும்போதே, “உள்ள எத்தனை பேர் மாட்டிக்கிட்டு இருக்காங்க?” என்று கேட்டார்.

“யாரும் இல்ல சார்” என்றாள் சுந்தரம்மாள்.

அவர் படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். “ஒரு டீ கிடைக்குமாம்மா?” என்றார்.

காலையில் மழை விட்டிருந்தது. பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் சுந்தரம்மாள் பெரிய அண்டாவை ஏற்றித் தொண்ணூற்றொரு பேருக்கு ரவை கிண்டிக்கொண்டிருந்தாள். கறிவேப்பிலை இல்லை, கடுகு மட்டும்தான். வெளியே மாயக்காள் தன் அவசரப் பையைப் பிரித்துப் பிள்ளைகளுக்கு அவலும் கருப்பட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுந்தரம்மாள் எட்டிப் பார்த்தாள். அவல் புதுசு. போன வருஷம் சோதித்தபோது அந்தப் பையில் அவலே இல்லை.

“எலி தின்னுருமேன்னு மாத்தி மாத்தி வச்சேன். நீ ஒண்ணும் பெருசா நெனச்சுக்காத” என்றாள் மாயக்காள், அவள் கேட்காமலே.

வீட்டைப் பார்க்க டவுனில் இருந்து வந்த சொந்தக்காரர்களிடமும் மாயக்காள்தான் கதை சொன்னாள். “ஆத்தா உத்தரவு குடுத்தா பாருங்க! வெள்ளப் பூவு! அவ மட்டும் குடுக்கலைன்னா இன்னிக்கு எங்கள வரிசையாப் போட்டுருப்பாக.” எல்லாரும் பெட்டி இருந்த வகுப்பறையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுந்தரம்மாளும் போட்டுக்கொண்டாள். ஆனாலும் மனசின் ஓரத்தில் ஒரு சின்ன வலி. சாமி நம்பியது. ஊர் சாமியை நம்பியது. தன்னை யார் நம்பினார்கள்?

அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, சிவனாண்டி அவிழ்த்துப் போட்டிருந்த ஈர வேட்டியைப் பிழிந்து கொடியில் போட எடுத்தாள். முந்தியில் ஏதோ முடிச்சு இடறியது. அவிழ்த்தால், நேற்றைய பொட்டலம். பூவரச இலை துவண்டு, நார் இறுகிக் கிடந்தது. இதைக் கண்மாயில் போட வேண்டும், இப்போது கண்மாய் எங்கே இருக்கிறது என்று நினைத்தாள். இலை கையிலேயே பிரிந்தது.

உள்ளே நந்தியாவட்டை. கசங்கியிருந்தது. ஆனால் வெள்ளை.

தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். ஒரு தட்டில் உப்புமாவும் டம்ளரில் கடுங்காப்பியும் எடுத்துக்கொண்டு அந்த வகுப்பறைக்குப் போனாள். சிவனாண்டி பெட்டிக்குப் பக்கத்தில், கரும்பலகையின் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கழுத்தைத் திருப்ப முடியாமல் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அவள் தட்டை வைத்தாள். பக்கத்தில் அந்தப் பூவை வைத்தாள்.

அவன் பூவைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

“நண்டு வங்குன்னீகளே?” என்றாள்.

“ஊரு முழுக்கப் பதறிப் போயி ஓடுனா மிதிச்சுக்கிட்டுச் சாவாக. அதான்.”

“குத்தமாயிராதா?”

“ஆனா ஆகட்டும். ஆத்தாளச் சொமந்த தலைதானே, குத்தத்தையுஞ் சொமக்கும்.” பெட்டியைத் திரும்பிப் பார்க்கப் போனவன் கழுத்து வலியில் முகம் சுளித்தான். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவளுக்கும் தெரியும்.”

ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை, அவன் வழக்கப்படி சாமி தலையில் ஏற்றித்தான் வந்தது. அது போதும் அவளுக்கு. பூவை எடுத்துக் கொண்டையில் சொருகிக்கொண்டாள்.

“அப்ப செவ்வரளி?” என்றாள்.

சிவனாண்டி உப்புமாவை விரலால் கிளறினான்.

“அந்த மழையில போயி எவன் அம்புட்டுத் தூரம் பறிப்பான்?” என்றான்.

செவ்வரளி கோயில் வாசப்படியை ஒட்டித்தான் நின்றது.